செவ்வாய் ரோவர் படங்களை வண்ணப் பனோரமாவாக ஒட்டும் முறை

கியூரியாசிட்டியும் பெர்சிவியரன்ஸும் செவ்வாயிலிருந்து அனுப்பும் மூலப்படங்களை நாசா உடனுக்குடன் இணையத்தில் போட்டுவிடுகிறது. 2010இல் அடங்கிப்போன ஸ்பிரிட், 2018இல் தூசுப்புயலில் மௌனமான ஆப்பர்ச்சுனிட்டி இரண்டின் படங்களும் பொதுவில்தான் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் இறக்கி ஒட்டிப் பார்க்கலாம். ஒட்டுவதற்கு ஹியூகின் என்ற இலவச மென்பொருளே போதும். ஆனாலும் முதல் முயற்சியில் பலருக்கும் வானம் பட்டை பட்டையாகத்தான் வருகிறது. தரை ஒரு பக்கம் ஆரஞ்சாகவும் மறுபக்கம் பழுப்பாகவும் இருக்கும். ரோவரின் மேல்தட்டில் உள்ள நீலச் சதுரம் இளஞ்சிவப்பாகத் தெரியும். நிறத்தைச் சரிசெய்யும் வேலையை ஒட்டும் மென்பொருளிடம் விடுவதால்தான் இப்படி ஆகிறது. நிறக்கணக்கு முழுவதையும் முடித்த பிறகுதான் ஹியூகினைத் திறக்க வேண்டும். கீழே உள்ள முறை அந்த வரிசையில்தான் போகிறது.

எந்தக் கேமரா, எத்தனை பிக்சல்

ஸ்பிரிட், ஆப்பர்ச்சுனிட்டி இரண்டிலும் இருந்தது பான்கேம். 43 மில்லிமீட்டர் லென்ஸ், 1024க்கு 1024 பிக்சல், பார்வை அகலம் 16 டிகிரி. ஒரு பிக்சல் பார்க்கும் கோணம் ஏறத்தாழ 0.27 மில்லிரேடியன். இது கறுப்பு வெள்ளைக் கேமரா. ஒவ்வொரு கண்ணுக்கும் முன்னால் 8 இடங்கள் கொண்ட ஃபில்டர் சக்கரம் சுழலும். ஒரே இடத்தை வெவ்வேறு ஃபில்டரில் எடுத்த மூன்று படங்களை அடுக்கினால்தான் நிறம் கிடைக்கும்.

கியூரியாசிட்டியின் மாஸ்ட்கேமில் இடது கண் 34 மில்லிமீட்டர், வலது கண் 100 மில்லிமீட்டர். பெர்சிவியரன்ஸின் மாஸ்ட்கேம்-இசட்டில் இரண்டு கண்ணும் 26 முதல் 110 மில்லிமீட்டர் வரை ஜூம் ஆகும். இந்த இரண்டிலும் கைபேசிக் கேமராவில் இருப்பதுபோல சென்சாரின் மேலேயே சிவப்பு, பச்சை, நீலச் சதுரங்கள் உண்டு. இதைப் பேயர் அமைப்பு என்பார்கள். ஒரே சொடுக்கில் நிறப்படம் வந்துவிடும். சென்சாரில் ஒரு பிக்சல் 7.4 மைக்ரான். அதை லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால் மில்லிரேடியன் கிடைக்கும்: 34க்கு 0.22, 100க்கு 0.074.

இந்த எண் ஒன்று தெரிந்தால் மற்றதைக் கணக்கிட்டுவிடலாம். முழு வட்டம் 6.283 ரேடியன். அதனால் 360 டிகிரி பனோரமாவின் அகலம் பான்கேமில் சுமார் 23,000 பிக்சல், 34 மில்லிமீட்டரில் 28,500, 100 மில்லிமீட்டரில் 85,000. 2019 நவம்பர் 24 முதல் டிசம்பர் 1 வரை கிளென் டாரிடன் பகுதியில் கியூரியாசிட்டி எடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட 100 மில்லிமீட்டர் படங்களை ஒட்டிய பனோரமா 180 கோடி பிக்சல். அதை 85,000ஆல் வகுத்தால் உயரம் 21,000 பிக்சல், அதாவது கிட்டத்தட்ட 90 டிகிரி. உங்கள் கணினியின் நினைவகம் எவ்வளவு தாங்கும் என்பதை இந்தக் கணக்கை வைத்து முதலிலேயே முடிவு செய்யுங்கள். தொடக்கத்துக்கு 34 மில்லிமீட்டர் படங்களே நல்லவை.

படங்களைப் பொறுக்குவது

கோப்பின் பெயரிலேயே பாதித் தகவல் இருக்கிறது. பான்கேம் கோப்பில் முதல் எழுத்து 1 என்றால் ஆப்பர்ச்சுனிட்டி, 2 என்றால் ஸ்பிரிட். அடுத்து பி என்ற எழுத்து பான்கேமைக் குறிக்கும். பிறகு வரும் 9 இலக்கங்கள் விண்கலக் கடிகாரத்தின் வினாடிகள். இரண்டு கோப்புகளின் எண்களைக் கழித்தால் இடையே எத்தனை வினாடி என்று தெரிந்துவிடும். அடுத்த மூன்று எழுத்துகளைக் கவனமாகப் பாருங்கள். இஎஃப்எஃப் என்றால் முழுப்படம், இஎஸ்எஃப் என்றால் வெட்டிய பகுதி, இடிஎன் என்றால் பிக்சல் குறைத்தது, இடிஎச் என்றால் சிறுபடம். இவற்றைக் கலந்து ஏற்றினால் ஹியூகினின் லென்ஸ் கணக்கு சிதறிவிடும். பெயரின் கடைசிப் பகுதியில் கண்ணும் ஃபில்டரும் இருக்கும்: எல்2, எல்5, ஆர்2 என்று.

கியூரியாசிட்டி கோப்பில் முதல் நான்கு இலக்கங்கள் சோல், அதாவது தரையிறங்கியதிலிருந்து எத்தனையாவது செவ்வாய் நாள் என்பது. அடுத்து எம்எல் என்றால் இடது, எம்ஆர் என்றால் வலது. பின்பகுதியில் 01க்கு முன்னால் வரும் எழுத்து சி என்றால் தரம் குறையாமல் வந்த மூலம், இ என்றால் நிறம் பிரித்த ஜேபெக், ஐ என்றால் சிறுபடம். ரோவர் முதலில் சிறுபடங்களைத்தான் அனுப்பும். முழுப்படங்கள் செவ்வாயைச் சுற்றும் விண்கலங்கள் வழியாக, இடம் கிடைக்கும்போது, சில நேரம் வாரங்கள் கழித்து வரும். எல்லாம் வந்துசேரும்வரை ஒட்டத் தொடங்காதீர்கள். பாதியில் தொடங்கினால் விடுபட்ட படம் வரும்போது நிறச் சமன் முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

பெர்சிவியரன்ஸ் கோப்பில் இசட்எல்0 என்று தொடங்கினால் இடது கண், சாதாரண நிற ஃபில்டர். பெயரின் கடைசிப் பகுதியில் அடிக்கோடுக்குப் பின்னால் 034, 110 என்று வருவது ஜூம் அளவு. ஒரே பனோரமாவுக்குள் ஜூம் மாறக்கூடாது. கேமரா எந்தத் திசையில், எந்த உயரக் கோணத்தில் பார்த்தது என்ற எண்களும் பெர்சிவியரன்ஸ் மூலப்படங்களோடு தரப்படுகின்றன. அவற்றை ஒரு அட்டவணையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மிகவும் உதவும்.

இடது கண்ணையும் வலது கண்ணையும் கலக்காதீர்கள். மாஸ்ட்கேமில் இரண்டுக்கும் இடையே 24 சென்டிமீட்டருக்கும் மேல் இடைவெளி. 2 மீட்டர் தொலைவில் உள்ள கல் ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு 34 மில்லிமீட்டர் படத்தில் 500 பிக்சலுக்கும் மேல் நகர்ந்துவிடும். தொலைமலைகள் மட்டும் உள்ள மேல்வரிசை என்றால் கலந்துகொள்ளலாம்.

எடுத்த நேரத்தையும் பாருங்கள். சூரியன் ஒரு மணிக்கு 14.6 டிகிரி நகர்கிறது. மூன்று மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள் பக்கத்தில் வந்தால் கல்லின் நிழல் ஒட்டுக்கோட்டில் உடைந்து நிற்கும். அதை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. கிளென் டாரிடன் பனோரமாவை நான்கு நாட்களில் ஆறரை மணி நேரத்துக்கு மேல் செலவழித்து எடுத்தார்கள். ஆனால் எல்லா நாளும் உள்ளூர் நேரம் நண்பகல் 12 முதல் 2 மணிக்குள்தான். ஒரே நாளில் தொடர்ச்சியாக எடுப்பதைவிட வெவ்வேறு நாட்களில் ஒரே நேரத்தில் எடுப்பது ஒளிக்கு நல்லது. பழைய தொகுப்புகளிலிருந்து பொறுக்கும்போதும் தேதியைவிட உள்ளூர் நேரத்தையே முதலில் பொருத்துங்கள்.

பான்கேம் நிறம்

இடது சக்கரத்தில் நமக்கு வேண்டிய ஃபில்டர்கள்: எல்2 753 நானோமீட்டர், எல்3 673, எல்4 601, எல்5 535, எல்6 482, எல்7 432. கண் பார்க்கும் நிறத்துக்கு அருகில் வர எல்4, எல்5, எல்6 மூன்றையும் முறையே சிவப்பு, பச்சை, நீலம் என்று வையுங்கள். பல பனோரமாக்களில் எல்4 இருக்காது. எல்2, எல்5, எல்7 மட்டுமே இருக்கும். மூன்றே ஃபில்டரில் அதிக அலைநீள வீச்சைப் பிடிக்க இந்தத் தேர்வு உதவும். கனிமங்களைப் பிரித்துப் பார்க்க இதுதான் நல்லது.

எல்2வை அப்படியே சிவப்பாக வைத்தால் என்ன ஆகும் என்பதை ரோவரின் மேல்தட்டிலேயே பார்க்கலாம். அங்கே ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது. நடுவில் நிழல் விழ ஒரு சிறு தண்டு, அதைச் சுற்றி 20, 40, 60 சதவீதம் ஒளியைத் திருப்பும் மூன்று சாம்பல் வளையங்கள், நான்கு மூலையிலும் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் சதுரங்கள். எல்2, எல்5, எல்6 படங்களை அடுக்கினால் நீல மூலை பளிச்சென்ற இளஞ்சிவப்பாக மாறிவிடும். அந்த நீல வண்ணப்பொருள் 753 நானோமீட்டரில், அதாவது நம் கண்ணுக்கு எட்டாத விளிம்பில், மிக அதிகமாக ஒளியைத் திருப்புகிறது. நம் கண் அதைப் பார்ப்பதில்லை, கேமரா பார்க்கிறது. 2004இல் படங்கள் வெளிவந்தபோது நாசா நிறத்தை மாற்றிவிட்டது என்று எழுந்த சந்தேகத்துக்கு இந்த மூலைதான் காரணம். எல்2வை எடுத்துவிட்டு எல்4ஐ வைத்தால் அதே மூலை நீலமாகத் திரும்பிவிடும். ஒரே சோலில் இரண்டு ஃபில்டரும் உள்ள கடிகாரப் படத்தை எடுத்து இதை ஒருமுறை செய்து பாருங்கள். அதன்பிறகு ஃபில்டர் எண்ணைப் பார்க்காமல் எதையும் அடுக்க மாட்டீர்கள்.

எல்4 கிடைக்காதபோது இடைக்கணிப்பு செய்யலாம். 601 என்பது 535க்கும் 753க்கும் நடுவே 30 சதவீதத் தொலைவில் இருக்கிறது. ஆகவே சிவப்பு = 0.7 எல்5 + 0.3 எல்2. 482 என்பது 432க்கும் 535க்கும் கிட்டத்தட்ட நடுவில். ஆகவே நீலம் = 0.5 எல்5 + 0.5 எல்7. இது தோராயம்தான். செவ்வாய்த் தூசின் ஒளித்திருப்பம் 535க்கும் 753க்கும் இடையே நேர்கோடாக ஏறுவதில்லை. எல்4 உள்ள ஒரு படத்தோடு ஒப்பிட்டு, 0.3 என்ற எண்ணைச் சிறிது ஏற்றி இறக்கிப் பொருத்திக்கொள்ளுங்கள். ஒருமுறை தேர்ந்த எண்ணைப் பனோரமா முழுக்க மாற்றாதீர்கள்.

இந்தக் கணக்கு பொருள்பட வேண்டுமானால் பிக்சல் எண்கள் ஒளியின் உண்மையான அளவைச் சொல்ல வேண்டும். உடனடியாக இணையத்தில் வந்த பான்கேம் ஜேபெக்குகள் அப்படியல்ல. ஒவ்வொரு படமும் அதன் மிகக் கறுத்த பகுதி 0ஆகவும் மிக வெளுத்த பகுதி 255ஆகவும் வரும்படி தனித்தனியாக இழுக்கப்பட்டது. எல்5இல் 120 என்பதும் எல்7இல் 120 என்பதும் ஒரே அளவு அல்ல. பக்கத்துப் படத்தின் எல்5இல் உள்ள 120கூட இதோடு ஒத்துப்போகாது. இவற்றை அப்படியே அடுக்கினால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நிறம் வரும்.

முடிந்தவரை நாசாவின் கோள் அறிவியல் தரவுக் காப்பகத்துக்கு (பிடிஎஸ்) போய் அளவுத்திருத்தம் செய்த கோப்புகளையே எடுங்கள். ஸ்பிரிட், ஆப்பர்ச்சுனிட்டி பயணம் முழுவதுக்கும் அங்கே கிடைக்கும். ஒவ்வொரு எண்ணையும் கதிர்வீச்சு அளவாக மாற்றும் பெருக்குத்தொகையும் கூட்டுத்தொகையும் கோப்போடு வரும் விவரக்குறிப்பிலேயே, அதாவது லேபிளிலேயே இருக்கும்.

ஜேபெக் மட்டுமே கிடைத்தால் வழி இது. ஒரே திசையில் எடுத்த மூன்று ஃபில்டர் படங்களை அடுக்குங்கள். பக்கத்துப் படத்தோடு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பகுதியில், ஒரே கல்பரப்பை இரண்டு படத்திலும் தேர்ந்து, ஒவ்வொரு சேனலுக்கும், அதாவது சிவப்பு, பச்சை, நீல அடுக்கு ஒவ்வொன்றுக்கும், சராசரியும் கறுப்பு மட்டமும் எடுங்கள். இரண்டையும் சமமாக்கும் பெருக்கலும் கழித்தலும் அந்தச் சேனலுக்கான திருத்தம். சூரியக் கடிகாரம் தெரியும் படத்திலிருந்து தொடங்கி, சாம்பல் வளையங்கள் மூன்று சேனலிலும் சமமாக வரும்படி முதல் படத்தைச் சரிசெய்து, பக்கம் பக்கமாக நகருங்கள். வட்டம் சுற்றித் தொடங்கிய படத்துக்கே வரும்போது ஏதாவது வித்தியாசம் மிஞ்சும். அதை எல்லாப் படங்களுக்கும் சமமாகப் பகிர்ந்துவிடுங்கள். வேலை நிறைய. அளவுத்திருத்தக் கோப்பு கிடைக்கும்போது இந்த வழிக்குப் போகவே வேண்டாம்.

கடிகாரத்தை நம்பும்போது தூசைக் கணக்கில் கொள்ளுங்கள். செவ்வாயில் எல்லாவற்றின் மேலும் தூசு படியும். சாம்பல் வளையம் செம்மையேறிவிட்டால், அதைச் சாம்பலாக்கப் போய் நிலப்பரப்பு முழுவதையும் நீலமாக்கிவிடுவீர்கள். தரையிறங்கிய முதல் சில பத்து சோல்களின் படங்களில் இந்தத் தொல்லை குறைவு. கியூரியாசிட்டி, பெர்சிவியரன்ஸ் ரோவர்களில் நிறம் சரிபார்க்க வைத்த தகடுகளின் அடியில் வளைய வடிவக் காந்தங்கள் வைத்திருக்கிறார்கள். காந்தத்தன்மையுள்ள தூசு அந்த வளையத்தில் ஒட்டிக்கொள்ள, நடுவில் ஒரு சிறு வட்டம் ஓரளவு சுத்தமாக இருக்கும். அந்த நடுவட்டத்தில் மட்டும் அளவெடுங்கள்.

மூன்று ஃபில்டரும் ஒரே நொடியில் எடுத்தவை அல்ல. சக்கரம் சுழல வேண்டும். இடையில் நகர்ந்த எதுவும் நிறம் பிரிந்து தெரியும். நிழல் ஓரத்தில் மெல்லிய சிவப்பு அல்லது நீலக் கோடு வந்தால் காரணம் அதுதான். ஓடும் தூசுச் சுழல் மூன்று நிறப் புகையாகத் தெரியும். நிழல் ஓரக் கோட்டை நிறச்செறிவு குறைத்து மறைக்கலாம். தூசுச் சுழலை விட்டுவிடுங்கள், அது அங்கே உண்மையிலேயே நகர்ந்த ஒன்றின் தடம்.

பேயர் நிறம்

கியூரியாசிட்டி, பெர்சிவியரன்ஸ் படங்களில் வேலை குறைவு. ஆனாலும் மூன்று கவனிப்புகள் உண்டு. முதலாவது, சில கோப்புகள் கறுப்பு வெள்ளையில் பொடிச் சதுரங்கள் பின்னியதுபோல வரும். அது பழுது அல்ல, நிறம் பிரிக்காத பேயர் படம். சிவப்பு, பச்சை, பச்சை, நீலம் என்ற வரிசையில் பிரித்தால் நிறம் வந்துவிடும். வரிசையை ஒரு பிக்சல் தவறாகத் தொடங்கினால் செவ்வாய் பச்சையாகிவிடும். வெட்டிய படமாக இருந்தால் வெட்டு எந்தப் பிக்சலில் தொடங்குகிறது என்று பார்த்து வரிசையை நகர்த்துங்கள். சதுரங்கள் தெரியும் படத்தைப் பிரிப்பதற்கு முன் அளவு மாற்றவோ திருப்பவோ கூடாது.

இரண்டாவது, எண்கள் நேர்விகிதத்தில் இல்லை. கேமரா, ஒளியின் அளவைக் கிட்டத்தட்ட வர்க்கமூலமாகச் சுருக்கி 8 பிட்டில் அடைக்கிறது. இருட்டில் நுணுக்கம் தங்க வேண்டும், கோப்பும் சிறிதாக வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. மூலப்படம் திரையில் ஓரளவு இயல்பாகத் தெரிவதும் இந்தச் சுருக்கத்தால்தான். பெருக்கல், சராசரி எதுவும் செய்வதற்கு முன் 255ஆல் வகுத்து வர்க்கம் எடுத்து, 16 பிட்டில் வைத்துக்கொள்ளுங்கள். காப்பகத்திலிருந்து எடுத்தால் டிஆர்எக்ஸ்எக்ஸ் என்ற கோப்பு இந்த மாற்றம் முடிந்தே வரும். டிஆர்சிஎல் என்பது நிறமும் திருத்தி லென்ஸ் வளைவும் நீக்கியது. அவசரமாக ஒட்ட அது வசதி. நிறத்தைத் தானே தீர்மானிக்க விரும்புகிறவர் டிஆர்எக்ஸ்எக்ஸ் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, எந்த நிறம் வேண்டும் என்ற தீர்மானம். செவ்வாயில் நின்றால் தெரிவதுபோல வேண்டுமா, அதே கற்களைப் பூமியின் பகல் ஒளியில் வைத்தால் தெரிவதுபோல வேண்டுமா? நாசா இரண்டு விதமாகவும் வெளியிடுகிறது. காற்றில் தொங்கும் தூசு நீல ஒளியை விழுங்குவதால் செவ்வாயில் விழும் ஒளியே பழுப்பேறியது. முதல் வகையில் மூன்று சேனலுக்கும் கேமராவின் உணர்திறன் வித்தியாசத்தை மட்டும் சரிசெய்தால் போதும். இரண்டாம் வகையில் தகட்டின் சாம்பலைச் சாம்பலாக்க வேண்டும். புவியியலாளர்களுக்கு இரண்டாவது பயன்படுகிறது, பழகிய கல்லை அடையாளம் காணலாம். ஆனால் அதில் வானம் நீலம் பூசினாற்போல் ஆகிவிடும். 1976 ஜூலையில் வைக்கிங் 1 அனுப்பிய முதல் வண்ணப் படம் முதலில் நீல வானத்தோடு வெளியாகி, பிறகு இளஞ்சிவப்பாகத் திருத்தப்பட்டது நினைவிருக்கலாம். பொதுமக்களுக்குக் காட்டும் பனோரமாவுக்கு முதல் வகையே சரி என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஹியூகினில் ஒட்டுவது

இப்போது எல்லாப் படங்களும் 16 பிட் டிஃப் கோப்புகளாக, ஒரே நிற அளவில் இருக்கின்றன. ஏற்றும்போது லென்ஸ் வகை சாதாரணம் என்று கொடுங்கள். அகலக் கோணத்தைக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும்: பிக்சல் அகலம் பெருக்கல் மில்லிரேடியன், வகுத்தல் 17.45 (ஒரு டிகிரியில் இத்தனை மில்லிரேடியன்). மாஸ்ட்கேம் படங்கள் பெரும்பாலும் 1600 அகலச் சென்சாரிலிருந்து 1344 போன்ற அளவுக்கு வெட்டப்பட்டே வரும். 1344 × 0.22 ÷ 17.45 = 16.9 டிகிரி. 1600க்கான 20 டிகிரியைக் கொடுத்தால் வட்டம் மூடாது.

கேமரா திசை எண்கள் இருந்தால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கோணத்தையும் உயரக்கோணத்தையும் நேரடியாக உள்ளிடுங்கள். அதன்பிறகு கட்டுப்பாட்டுப் புள்ளிகளை, அதாவது இரண்டு படத்திலும் தெரியும் ஒரே இடங்களை, தேடச் சொல்லுங்கள். வந்த புள்ளிகளை அப்படியே நம்ப வேண்டாம். வானத்தில் விழுந்தவை, ரோவரின் உடலில் விழுந்தவை, நிழல் ஓரத்தில் விழுந்தவை எல்லாவற்றையும் நீக்குங்கள். நிழல் ஓரம் மென்பொருளுக்கு மிகத் தெளிவான மூலையாகத் தெரியும். ஆனால் படத்துக்குப் படம் அது நகர்ந்திருக்கும். 5 மீட்டருக்கு அப்பால் உள்ள கற்களில் விழுந்த புள்ளிகளே நம்பத்தக்கவை.

சீரமைப்பைப் படிப்படியாகச் செய்யுங்கள். முதலில் மூன்று கோணங்கள் மட்டும். அடுத்து அகலக் கோணத்தையும் சேர்த்து. கடைசியாக வேண்டுமானால் லென்ஸ் வளைவில் பி என்ற ஒரு மாறி மட்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டால் பக்கத்தில் உள்ள கற்களின் பிழையை ஈடுகட்ட லென்ஸை வளைத்துவிடும். பிறகு அடிவானம் அலையலையாக வரும். தொலைவுப் புள்ளிகளில் சராசரிப் பிழை ஓரிரு பிக்சலுக்குள் வந்தால் நல்லது.

பக்கத்தில் உள்ள தரையில் பிழை மிஞ்சத்தான் செய்யும். கேமராக்கள் ரோவரின் தலையைத் தாங்கும் கம்பத்தின் அச்சில் இல்லை, 12 சென்டிமீட்டர் பக்கவாட்டில் தள்ளி இருக்கின்றன. தலை திரும்பும்போது கேமராவும் இடம் மாறுகிறது. 34 மில்லிமீட்டரில் 16 டிகிரி திரும்பினால் கேமரா 3.4 சென்டிமீட்டர் நகரும். 2 மீட்டர் தொலைவில் உள்ள கல்லில் ஒட்டுப்பகுதியின் மேலும் கீழும் அது ஏறத்தாழ 10 பிக்சல் விலகலாகத் தெரியும். ரோவரின் மேல்தட்டில் இன்னும் அதிகம். இதைக் கணக்கால் தீர்க்க முடியாது, மாஸ்கால் தீர்க்க வேண்டும். ஒவ்வொரு கல்லும், மேல்தட்டின் ஒவ்வொரு கருவியும் ஒரே படத்திலிருந்து முழுதாக வரும்படி மற்றப் படத்தில் அதை மறைத்துவிடுங்கள். ஒட்டுக்கோடு மணலின் மேல் ஓடட்டும், கல்லின் குறுக்கே ஓடக்கூடாது. சக்கரத்தின் மேலும் கேபிளின் மேலும் ஓடினால் யாருடைய கண்ணும் முதலில் அங்கேதான் போகும்.

அடிவானம் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி அலைபோல வந்தால் ரோவர் சரிவில் நிற்கிறது என்று பொருள். ரோவரின் சாய்வு எண்கள் லேபிளில் இருக்கும். அந்த அளவு திருப்பினால் நேராகிவிடும். கண்ணில் தெரியும் தொடுவானத்தை நேராக்கப் பார்க்காதீர்கள். கியூரியாசிட்டி இறங்கிய கேல், பெர்சிவியரன்ஸ் இறங்கிய ஜெசீரோ இரண்டும் பள்ளத்தாக்குகள்போலச் சூழ்ந்த விண்கல் குழிகள். அங்கே தொலைவில் தெரிவது குழியின் விளிம்பு. அது உண்மையிலேயே ஏறி இறங்கும்.

அடுத்து முக்கியமான ஒன்று. ஹியூகினில் ஒளியளவை அதுவே சமன் செய்யும் வசதி உண்டு. அதை அணைத்துவிடுங்கள். எல்லாப் படத்துக்கும் எக்ஸ்போஷர் எண் ஒன்றாக இருக்கட்டும், நிறச் சமன் 1ஆகவே இருக்கட்டும். செவ்வாயில் சூரியன் இருக்கும் பக்கத்து வானம் உண்மையிலேயே பிரகாசமானது. சூரியனுக்கு நேர் எதிரே, ரோவரின் தலைநிழல் விழும் இடத்தைச் சுற்றித் தரையும் வெளிறித் தெரியும், அங்கே கற்களின் நிழல்கள் கற்களுக்குப் பின்னாலேயே மறைந்துவிடுவதால். மென்பொருள் இந்த இரண்டையும் பிழை என்று எண்ணிச் சமன் செய்துவிடும். அப்போதுதான் வானத்தில் பட்டைகள் பிறக்கின்றன. நீங்கள் முன்பே நிறக்கணக்கை முடித்திருந்தால் இந்த வசதிக்கு வேலையே இல்லை.

வானமும் விடுபட்ட படங்களும்

வானத்தில் பிடிக்க மூலை முடுக்கு எதுவும் இல்லை. வானம் மட்டும் உள்ள படங்களைத் திசை எண்களை வைத்துத்தான் உட்காரவைக்க வேண்டும். கேமராவின் ஓர இருட்டு சிறிது மிஞ்சியிருந்தாலும் வானத்தில் மீன் செதில்போல வரிசையாகத் தெரியும். தரையில் அதே பிழை கண்ணில் படாது. அதற்கு, ஒட்டிய பிறகு வானத்தை மட்டும் தனி அடுக்காக எடுத்து, பெரிய ஆரத்தில் மங்கலாக்கி, செதிலை மட்டும் கழியுங்கள். சூரியனை நோக்கி மெல்ல ஏறும் பிரகாசம் அப்படியே இருக்க வேண்டும். மேலே படம் எடுக்காத பகுதிக்கு நிறம் நிரப்பினால் அதைப் பட விளக்கத்தில் எழுதுங்கள்.

விடுபட்ட இடங்களைப் பற்றி ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. ஆப்பர்ச்சுனிட்டியின் கடைசிப் பனோரமா 2018 மே 13 முதல் ஜூன் 10 வரை, எண்டெவர் குழியின் மேற்கு விளிம்பில் உள்ள பெர்சிவியரன்ஸ் பள்ளத்தாக்கில் எடுத்தது. 354 படங்கள், ஃபில்டர்கள் எல்2, எல்5, எல்7. ஜூன் 10 அன்று காற்றிலுள்ள தூசு ஒளியை மறைக்கும் அளவு (டௌ) 10.8 வரை ஏறியது. சாதாரண நாளில் அது 1க்கும் கீழே இருக்கும். ஒளி இல்லாமல் மின்சாரம் தீர்ந்துபோனது. இடது கீழ்மூலையில் சில படங்களுக்குப் பச்சை (எல்5), ஊதா (எல்7) ஃபில்டர்களில் எடுக்க நேரமே கிடைக்கவில்லை. வெளியிட்டவர்கள் பக்கத்து நிறத்தை இழுத்து அந்த மூலையை மூடவில்லை, கறுப்பு வெள்ளையாகவே விட்டார்கள். உங்களிடமும் ஒரு ஃபில்டர் குறைந்தால் அப்படியே விடுங்கள். ஒரு முழுப்படமே இல்லையென்றால் கறுப்பாக விடுங்கள்.

ஏற்றுமதி

360 டிகிரிக்குச் சமதூர உருளை வடிவம் சரி. 80 டிகிரிக்குள் என்றால் சாதாரண நேர்கோட்டு வடிவமே அழகு. வெளியீட்டை 16 பிட் டிஃப்பாக எடுங்கள். ஒவ்வொரு படத்தையும் வளைத்த நிலையில் தனித்தனியாகவும் சேமியுங்கள், ஒட்டுக்கோடு தவறினால் கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் திருத்தலாம். இதுவரை எண்கள் நேர்விகிதத்தில் இருந்தன. இப்போதுதான் எண்களைத் திரைக்கேற்றபடி மாற்றும் எஸ்ஆர்ஜிபி வளைவைப் போட வேண்டும், ஒரே ஒரு முறை. படம் திடீரென்று வெளிறிப்போனால் இரண்டு முறை போட்டுவிட்டீர்கள்.

100 மில்லிமீட்டர் பனோரமா என்றால் ஒரு தொல்லை காத்திருக்கிறது. ஜேபெக் கோப்பில் ஒரு பக்கம் 65,535 பிக்சலுக்கு மேல் போகாது, முழு வட்டமோ 85,000. சாதாரண டிஃப்புக்கும் 4 ஜிகாபைட் எல்லை உண்டு. 85,000க்கு 21,000 படம் 16 பிட்டில் 10 ஜிகாபைட்டைத் தாண்டும். பிக்டிஃப் வடிவில் சேமித்து, பகிர்வதற்குச் சிறு சதுரங்களாக வெட்டுங்கள், அல்லது பாதி அளவுக்குக் குறையுங்கள்.

சுற்றிப் பார்க்கும் 360 காட்சிக்கு ஏற்றுவதானால் படம் சரியாக 2க்கு 1 என்ற அளவில் இருக்க வேண்டும். 28,560 அகலம் என்றால் 14,280 உயரம். உங்கள் பட்டை 5,000 பிக்சல்தான் என்றால், சாய்வு திருத்திய அடிவான மட்டம் 7,140ஆம் வரிசையில் விழும்படி மேலும் கீழும் கறுப்பு சேருங்கள். அந்த வரிசை தவறினால் பார்ப்பவர் தலையைத் திருப்பும்போது மலைகள் வளையும்.